நடமாட முடியாத அத்தா, அம்மாவை வீட்டில் பத்திரமாக எழுப்பி உட்கார வைப்பது எப்படி?

 

பெற்றோரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஜும்ஆ பயானில் பலமுறை கேட்டிருக்கிறோம். முதுமையடைந்த பெற்றோரை நோக்கிச் சலிப்பான ஒரு சொல்லைக்கூடச் சொல்லக் கூடாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-வது வசனம் தடுப்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்த அத்தாவைக் கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, மூட்டு தேய்ந்துபோன அம்மாவைக் கழிவறைக்கு எப்படிக் கூட்டிப்போவது என்பதை நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. மனசில் பாசம் நிறைய இருக்கிறது. கைக்குத்தான் பழக்கம் இல்லை. அந்தப் பழக்கத்தைத் தருவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

மூட்டை தூக்கும் பழக்கம் இங்கே உதவாது

நம் பகுதி உழைப்பாளிகளின் பகுதி. மலையில் ஏலத்தோட்ட வேலை, போடியில் ஏலக்காய்க் கடை வேலை என்று 50 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றிப் பழகியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். "அத்தா 55 கிலோதானே, நானே தூக்கிவிடுவேன்" என்று அவர்கள் நினைப்பது இயல்பு.

மூட்டை அசையாது. அதை உடம்போடு அணைத்துப் பிடிக்கலாம். கை வழுக்கினால் கீழே போட்டுவிடலாம். மனிதர் அப்படியல்ல. பாதி வழியில் அவருக்குப் பயம் வரும். உங்கள் கழுத்தைப் பிடித்து இழுப்பார். முழங்கால் திடீரென்று மடங்கும். கட்டிலுக்கு மேல் குனிந்தபடி தூக்கும்போது அவர் எடை உங்கள் உடம்பை விட்டுத் தள்ளியே இருக்கும். அந்த எடை முழுவதும் உங்கள் இடுப்பு எலும்பு வட்டுகளில் இறங்கும். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் இதைக் கணக்கிட்டார். நோயாளியைக் கையால் தூக்கும் ஒருவர் மேல் விழும் எடை, மற்ற எல்லாம் சாதகமாக இருந்தாலும், சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அவர் சொன்ன வரம்பு. நம்மில் எந்த அத்தாவும் அம்மாவும் 16 கிலோ இல்லை.

இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. பெரியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன்பிறகு படுக்கையே கதியாகிவிட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுந்து இறப்பவர்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர். அதில் 60 வயதைக் கடந்தவர்களுக்கே பாதிப்பு அதிகம். பார்த்துக்கொள்பவரின் இடுப்பு பிடித்துக்கொண்டால் ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள், தினக்கூலியும் நின்றுபோகும்.

எனவே பாடம் முழுவதற்கும் ஒரே விதி: தூக்காதீர்கள், அவரே எழ உதவுங்கள். அவரால் முடிந்த கால் பங்கு வேலையை அவரே செய்யட்டும். அந்தக் கால் பங்கு உழைப்புதான் அவருடைய தசையைக் காப்பாற்றும். எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் இன்று கையூன்றி எழுபவர் சில வாரங்களில் அதையும் இழந்துவிடுவார்.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

நேற்று நடந்தவர் இன்றும் நடப்பார் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

1. நீங்கள் சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறாரா?
2. பிடிமானம் இல்லாமல் கட்டில் ஓரத்தில் உட்கார முடிகிறதா?
3. ஒரு காலாவது அவர் எடையைத் தாங்குமா?
4. தலைசுற்றல், புது வலி, காய்ச்சல் ஏதாவது உண்டா?

உட்காரவே முடியாதவரை நிற்க வைக்க முயலக் கூடாது. அவரைப் படுக்கையில் திருப்புவது, விரிப்போடு நகர்த்துவது மட்டும் போதும்; அதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

பிறகு இடத்தைப் பாருங்கள். தரையில் பாய், ஈரம், கால்மிதி, செல்போன் சார்ஜர் ஒயர் எதுவும் வழியில் இருக்கக் கூடாது. நாற்காலியை முதலிலேயே கொண்டுவந்து வைத்துவிடுங்கள். அவரைப் பிடித்துக்கொண்டே நாற்காலியைக் காலால் இழுப்பதுதான் பல வீடுகளில் விழுவதற்குக் காரணம். சக்கர நாற்காலி என்றால் இரண்டு பக்கமும் பிரேக் போட்டு, கால் வைக்கும் தட்டை மடக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கைப்பிடி உள்ளதாக இருக்கட்டும். சுவரை ஒட்டிப் போடுங்கள். விரிசல் விட்ட நாற்காலி வேண்டவே வேண்டாம்.

நடுவில் தொய்ந்த நார்க்கட்டிலிலிருந்து எழுவது நல்ல உடம்புக்காரருக்கே சிரமம். கெட்டியான பலகைக் கட்டில் நல்லது. ஓரத்தில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இதுவே சரியான உயரம். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் அசையாத மரக்கட்டை கொடுத்து உயர்த்தலாம். செங்கலை அடுக்கி வைக்காதீர்கள், சரிந்துவிடும்.

உங்கள் உடம்பை வைத்துக்கொள்ளும் விதம்

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, ஒரு காலைச் சற்று முன்னே வையுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்குங்கள். அவருக்கு மிக அருகில் நில்லுங்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள்.

செய்யப்போவதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். "அத்தா, இப்போ எந்திரிச்சு நாற்காலியில உட்காரப் போறோம்." பிறகு ஒரே எண்ணிக்கை: "ஒண்ணு, ரெண்டு, பிஸ்மில்லாஹ்." பிஸ்மில்லாஹ் என்னும்போது இருவரும் சேர்ந்து அசைய வேண்டும். வீட்டில் எல்லோரும் இதே எண்ணிக்கையைப் பயன்படுத்தினால், சில நாட்களில் பெரியவர் உடம்பு தானாகவே அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிடும்.

படுக்கையில் திருப்புதல்

உங்கள் பக்கமாகத் திருப்புவதே பத்திரம். எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கம் நில்லுங்கள். உங்களுக்குத் தூரத்தில் உள்ள முழங்காலை மடக்கி வையுங்கள். தூரத்துக் கையை நெஞ்சின் மேல் வையுங்கள். ஒரு கை அவர் தோளில், இன்னொரு கை இடுப்பில் இருக்கட்டும். எண்ணிக்கை சொல்லி, உங்கள் உடம்பைப் பின்னால் சாய்த்து அவரை மெதுவாக உருட்டுங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. தோள்மூட்டு இறங்கிவிட்டால் மாதக்கணக்கில் வலி தீராது.

தலைமாட்டுக்கு மேலேற்ற, அக்குளில் கை கொடுத்து இழுப்பது நம் வழக்கம். தோளும் கெடும், முதுகுத் தோலும் உரசிக் கிழியும். அதற்குப் பதில் ஒரு கெட்டியான பருத்தி பெட்ஷீட்டை இரண்டாக மடித்து, தோள் முதல் தொடை வரை அவருக்கு அடியில் போடுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று, துணியின் ஓரத்தை அவர் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடியுங்கள். முடிந்தால் அவர் முழங்காலை மடக்கிப் பாதத்தால் உந்தட்டும். எண்ணிக்கையில் துணியோடு சேர்த்து மேலே நகர்த்துங்கள்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே பக்கம் கிடந்தால் எலும்பு முட்டும் இடங்களில் ரத்த ஓட்டம் நின்று புண் வரும். பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால், கணுக்கால் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் புண்ணின் தொடக்கம். நம் மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்து, சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்; அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் நர்ஸிடம் காட்டுங்கள். காற்றடைத்த வளையத்தில் உட்கார வைப்பதும் வேண்டாம். வளையத்தின் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் விடுங்கள்.

படுத்தவரை உட்கார வைத்தல்

இரண்டு கையையும் பிடித்து நேராக இழுத்து எழுப்புவது தவறு. முதலில் ஒருக்களிக்கச் செய்யுங்கள். இரண்டு காலையும் கட்டில் ஓரத்துக்கு வெளியே தொங்கவிடுங்கள். அவர் கீழ்ப்பக்கத்து முழங்கையைப் படுக்கையில் ஊன்றட்டும். உங்கள் ஒரு கை தோள்பட்டைக்குப் பின்னால், மற்றது இடுப்பில். கால் கீழே இறங்கும்போதே உடம்பு மேலே வரும். தராசுத் தட்டு போல ஒன்று இறங்க ஒன்று ஏறும்.

உட்கார்ந்தவுடன் நிற்க வைக்காதீர்கள். ஓரிரு நிமிடம் அப்படியே இருக்கட்டும். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்தவுடன் அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். ஃபஜ்ரு நேரத்தில் அவசரமாக எழும்போது விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். நோன்பு காலத்தில் தண்ணீர் குறைவதால் இன்னும் கவனம் வேண்டும். நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை டாக்டரிடமும் ஆலிமிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.

உட்கார்ந்தவர் நிற்க, நாற்காலிக்கு மாற

1. நாற்காலியை அவருடைய பலமுள்ள பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள்.
2. கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள்.
3. பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். காலில் சாக்ஸ் மட்டும் வேண்டாம்; வழுக்கும். வெறுங்கால் அல்லது பிடிப்புள்ள செருப்பு.
4. நீங்கள் பலவீனமான பக்கம் நில்லுங்கள். அந்த முழங்கால் மடங்காமல் உங்கள் முழங்காலால் முட்டுக் கொடுங்கள்.
5. "முன்னால குனிங்க, மூக்கு கால்விரலுக்கு மேல வரட்டும்" என்று சொல்லுங்கள். அவர் கையைக் கட்டிலில் ஊன்றட்டும். உங்கள் கழுத்தைப் பிடிக்க விடாதீர்கள்.
6. எண்ணிக்கையில் எழட்டும். நின்றபின் மூச்சு வாங்க விடுங்கள்.
7. சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பட்டும். நாற்காலி அவர் காலின் பின்புறம் பட்ட பிறகே, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உட்கார வேண்டும்.

எங்கே பிடிப்பது? கைலியைப் பிடித்தால் அவிழும், சேலையும் அப்படியே. அக்குளில் பிடித்தால் தோள் கெடும். நம் பெரியவர்கள் கைலிக்கு மேல் கட்டும் அகலமான பெல்ட் இங்கே நல்ல உதவி. பக்கிள் உறுதியாக இருக்க வேண்டும். உடைக்கு மேல் இடுப்பில் இறுக்கமாகக் கட்டி, பின்பக்கம் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெல்ட்டால் தூக்கக் கூடாது. நிலைதடுமாறாமல் தாங்குவதற்கு மட்டுமே. வயிற்றில் ஆபரேஷன், குடலிறக்கம், குழாய் உள்ளவர்களுக்குப் பெல்ட் கட்டாதீர்கள்.

நடக்கும்போது அவருக்குச் சற்றுப் பின்னால், பலவீனமான பக்கம் வாருங்கள். கைத்தடி பலமுள்ள கையில் இருக்க வேண்டும். அவர் கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வருவதே சரியான உயரம். திண்ணைப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது நோவுள்ள கால் முதலில்.

கழிவறையும் குளியலும்

நம் வீடுகளில் பெரிய சோதனை இங்கேதான். கழிவறை பின்கட்டில் இருக்கும். குத்தவைத்து உட்கார வேண்டும். தரை ஈரமாக இருக்கும். ஆண்கள் விடிவதற்குள் மலைக்கு ஜீப் ஏறிவிட, வீட்டில் மருமகளோ பேத்தியோ தனியாக இருப்பார்கள்.

இதைப் பெரியவர்கள் நம்மைவிட நன்றாகக் கவனிக்கிறார்கள். "பிள்ளைகளுக்குச் சிரமம்" என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு மடக்குகூடக் குடிப்பதில்லை. விளைவு: மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல், கடைசியில் விழுதல். உங்கள் அம்மா தண்ணீர் குறைவாகக் குடித்தால் தாகம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கழிவறைக்குப் போகும் வழியைச் சரிசெய்து பாருங்கள். தண்ணீர் தானாக உள்ளே போகும்.

கட்டில் பக்கத்திலேயே கமோடு நாற்காலி வைத்தால் பாதிக் கஷ்டம் தீரும். சுவரில் இரும்புக் கைப்பிடி பதிக்க ஒரு கொத்தனாருக்கு அரை நாள் வேலைதான். டவல் மாட்டும் கம்பி எடை தாங்காது. இரவில் சின்ன விளக்கு எரியட்டும். உட்கார்ந்து குளிக்க அகலக் கால் உள்ள ஸ்டூல் வேண்டும். கூப்பிட ஒரு மணியோ விசிலோ கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மறைக்க வேண்டியதை மறைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி. வெட்கத்தில் உடம்பை இறுக்கிக்கொள்பவரை நகர்த்துவது கடினம். ஒரு துண்டைப் போர்த்தியபடியே உடை மாற்றலாம், சுத்தம் செய்யலாம். முடிந்தவரை அத்தாவுக்கு மகனும், அம்மாவுக்கு மகளும் இந்த வேலையைச் செய்யட்டும். வேறு வழியில்லாத வீடுகள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

தொழுகைக்காகச் சிரமப்பட்டு நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்னது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. நாற்காலியில் தொழுபவர் அதிகமாக முன்னே சாய்ந்தால் கவிழ்ந்துவிடுவார். நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். ஒளுவுக்குப் பின்கட்டுக்குப் போகாமல் இருந்த இடத்திலேயே செம்பும் தாம்பாளமும் கொடுங்கள். தண்ணீர் உடம்புக்கு ஆகாதவருக்குத் தயம்மும் இருக்கிறது.

விழும்போதும், விழுந்த பிறகும்

விழுகிறவரை இழுத்து நிறுத்த முயலாதீர்கள், இருவரும் விழுவீர்கள். உங்கள் ஒரு காலை முன்னே வைத்து, அவரை உங்கள் உடம்போடு சாய்த்து, தொடை வழியாக மெதுவாகத் தரையில் வழுக்கவிடுங்கள். தலை மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுந்தவரைச் சுற்றி நின்று உடனே தூக்குவதுதான் நம் ஊர் வழக்கம். அதை நிறுத்த வேண்டும். முதலில் பேச்சுக் கொடுங்கள். இடுப்பில் கடும் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருப்பது, கழுத்து வலி, தலையில் அடி, மயக்கம், வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

எதுவும் இல்லையென்றால் சற்று ஓய்வு கொடுங்கள். பிறகு ஒருக்களித்து, கையூன்றி, முட்டி போடட்டும். முன்னால் ஒரு நாற்காலி வையுங்கள். அதில் கையூன்றி, பலமுள்ள காலை முன்னே வைத்து எழட்டும். பின்னால் இன்னொரு நாற்காலியை நீங்கள் நகர்த்தி வையுங்கள். அவரால் முடியாவிட்டால் தலையணையும் போர்வையும் கொடுத்துத் தரையிலேயே இருக்க வைத்து, ஆள் வந்த பிறகு எழுப்பலாம். தரையில் பத்து நிமிடம் காத்திருப்பதில் அவமானம் ஒன்றுமில்லை.

உதவி எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் ஆதரவு சிகிச்சையும் தருவது இதன் நோக்கம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் முன்னால் இந்தப் பாடத்தை ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். படித்தது பாதி, கையைப் பிடித்துச் சொல்லித் தருவது மீதி. மருத்துவ ஆலோசனைக்கு 104, முதியோர் உதவிக்கு 14567. சக்கர நாற்காலி, உதவித்தொகைக்குத் தேனி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்காக ஒரு முயற்சி தொடங்கியது. பிறகு மலப்புரம் மாவட்டத்தில் ஊர்மக்களே பயிற்சி பெற்று, படுக்கையில் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் இயக்கமாக அது வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வகுத்தது. நம் ஜமாஅத்திலும் தெருவுக்கு நான்கு இளைஞர்கள், நான்கு பெண்கள் இந்தப் பாடத்தைப் பழகிக்கொண்டால், மருமகள் தனியாக இருக்கும் வீட்டில் ஒரு போன் செய்தால் ஆள் வரும். உங்கள் வீட்டில் வாக்கரோ கமோடு நாற்காலியோ பயன்படாமல் பரணில் கிடந்தால், தேவைப்படும் வீட்டுக்குக் கொடுங்கள், அதுவும் ஸதகாதான்.

சுவரில் ஒட்டி வைக்க

• தூக்காதே; எழ உதவு.
• நாற்காலியை முதலில் வை. பிறகு ஆளைத் தொடு.
• சொல்லிவிட்டுச் செய், எண்ணிக்கை ஒன்றே.
• உட்கார்ந்ததும் ஓரிரு நிமிடம் பொறு.
• கையையும் அக்குளையும் இழுக்காதே, இடுப்பில் பிடி.
• நீ நிற்பது பலவீனமான பக்கம். நாற்காலி பலமுள்ள பக்கம்.
• இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பு, தோலைப் பார்.
• விழுந்தவரை உடனே தூக்காதே. முதலில் பார், பேசு, பிறகு முடிவெடு.

முதலில் நல்ல உடம்புள்ள ஒருவரைக் கட்டிலில் படுக்க வைத்துக் குடும்பத்தோடு பழகுங்கள். நீங்களும் ஒருமுறை படுத்து, மற்றவர் உங்களைத் திருப்பிப் பார்க்கட்டும். பிறர் கையில் தன் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும். அதன்பிறகு அத்தாவின் தோளில் வைக்கும் கை தானாகவே மெதுவாகும்.

நம்மைச் சிறு வயதில் பரிவோடு வளர்த்தவர்களுக்கு அல்லாஹ் ரஹ்மத் செய்வானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்யும் உடல் வலிமையையும் பொறுமையையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.